சீர்ப் பலகாரமும் சட்டி வரிசையும்: ஒரே மாதிரி வேலைகளை எதுவரை சேர்க்கலாம்?

காரைக்குடியில் எங்கள் பலகாரக் கூடம் அம்மா தொடங்கியது. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் உற்பத்தித் திட்டமிடல் பார்த்துவிட்டு, அம்மாவின் முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது நான் திரும்பி வந்தேன். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்துகிற பிரஸ்ஸுக்கும், மாவைக் குழலில் வைத்துப் பிழிகிற தேன்குழலுக்கும் திட்டமிடுகிறவள் கண்ணுக்கு அதிக வித்தியாசம் இல்லை. இரண்டிலும் அச்சு மாற்ற நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் எதுவும் உற்பத்தி ஆவதில்லை. ஆகவே ஒரே அச்சு வேலைகளைச் சேர்த்துச் செய். ஓசூரில் எனக்குச் சொல்லித் தந்தது இதுதான், நானும் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தேன்.

முதல் வைகாசியிலேயே அது என்னைக் கைவிட்டது. நான்கு கல்யாண வீட்டு ஆர்டர்கள். நான்குக்கும் வேண்டிய தேன்குழலை மொத்தமாகச் சுட்டு முடித்தோம். பிறகு நான்குக்கும் சீப்பு சீடை, நான்குக்கும் கைமுறுக்கு. சட்டி ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்கவில்லை. தேவகோட்டை வீட்டு வண்டி வாசலில் வந்து நின்றபோது அவர்களுடைய ஏழு பலகாரத்தில் ஐந்து டின்னில் இருந்தது, இரண்டு இன்னும் மாவாக இருந்தது. அந்த வீட்டு ஆச்சி கோபப்படவில்லை. “தட்டு நிறையாம எப்படி ஆத்தா தூக்குறது?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் இந்த வேலையின் முழுக் கணக்கும் இருக்கிறது. சீர் வரிசையில் ஏழில் ஆறு தயார் என்றால் ஆர்டர் தயார் இல்லை. கடைசிப் பலகாரம் ஆறி டின்னில் ஏறுகிற நிமிஷம்தான் அந்த ஆர்டர் முடிகிற நிமிஷம். வகை வகையாகச் சேர்த்துச் சுடும்போது ஒவ்வொரு வீட்டின் கடைசிப் பலகாரமும் நாளின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. சட்டிக்கு லாபம், எல்லா வீட்டுக்கும் தாமதம். எதுவரை சேர்க்கலாம், எங்கே வெட்ட வேண்டும் என்பதை நான் எப்படிக் கணக்குப் போடுகிறேன் என்று எழுதுகிறேன். பலகாரம் செய்யாதவர்களுக்கும், சாயப்பட்டறையோ லேத் பட்டறையோ வைத்திருப்பவர்களுக்கும், இதே கணக்கு பொருந்தும்.

முதலில் இடுக்கு எது என்று பாருங்கள்

ஊறவைத்தல், உலர்த்துதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், பிழிதல் அல்லது சுற்றுதல், சுடுதல், ஆறவிடுதல், எண்ணி அடுக்குதல். எங்கள் கூடத்தில் இத்தனை நிலை. இதில் எது மற்ற எல்லாவற்றையும் காக்க வைக்கிறது? ஊகிக்க வேண்டாம். மூன்று நாள் மத்தியானம் கூடத்தைச் சுற்றி வாருங்கள். எந்த இடத்துக்கு முன்னால் வேலை குவிந்து கிடக்கிறதோ, எந்த இடத்துக்குப் பின்னால் ஆட்கள் கையைக் கட்டி நிற்கிறார்களோ, அதுதான் இடுக்கு. எங்களுக்கு அது பெரிய சட்டி. பிழிந்து வைத்த தட்டுகள் அதற்கு முன்னால் வரிசை கட்டும். அடுக்குகிற அக்காமார் அதற்குப் பின்னால் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சேர்த்துச் செய்வதால் வரும் லாபம் இடுக்கில் மட்டும்தான் உண்மையான லாபம். அரவை மெஷினில் பச்சரிசி, பாசிப்பருப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிஷம் கழுவத் துடைக்கப் போகும். போகட்டும். அந்த மெஷின் பாதி நாள் சும்மாதான் இருக்கிறது. அங்கே நேரம் மிச்சப்படுத்த மொத்தமாக அரைத்துக் குவித்தால், ஈரமாவு மத்தியானத்துக்குள் புளிப்பு தட்டும். இடுக்கு இல்லாத இடத்தில் சின்னச் சின்னதாகச் செய்யுங்கள், அடிக்கடி மாற்றுங்கள். இடுக்கில் மட்டும் சேர்ப்பதைப் பற்றி யோசியுங்கள்.

குடும்பம் பிரிப்பது

எந்த இரண்டு வேலைக்கு நடுவே மாற்ற நேரம் மிகக் குறைவோ, அவை ஒரு குடும்பம். பொருளின் பெயரையோ விலையையோ வைத்துப் பிரிக்கக்கூடாது. உதிரிபாகத் துறையில் இந்த யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1950களில் சோவியத் ரஷ்யாவில் மித்ரஃபானோவ் என்ற பொறியாளர், ஒரே மாதிரி அமைப்பில் கடைய முடிகிற பாகங்களை ஒரு கூட்டமாக்கி, கூட்டத்துக்கு ஒருமுறை மட்டும் மெஷினை அமைக்கும் முறையை எழுதி வைத்தார். எங்கள் பக்கத்துச் சமையல்கட்டில் அதே அறிவு வேறு வார்த்தையில் இருந்தது. என் அப்பத்தா சொல்வார்: “வெள்ளை முதல்ல, காரம் கடைசில. எண்ணெய் ஒருதரம் செவந்துட்டா திரும்ப வெளுக்காது.”

பெரிய சட்டியில் எங்களுக்கு மூன்று குடும்பம். தேன்குழல், சீப்பு சீடை, கைமுறுக்கு மூன்றும் வெள்ளைக் குடும்பம்; அரிசியும் உளுந்தும், நிறம் மாறாத எண்ணெய் வேண்டும். மகிழம்பூ முறுக்கும் மனகோலத்துக்கான முறுக்கும் பருப்புக் குடும்பம். பாசிப்பருப்பு மாவு கொஞ்சம் உதிரும், எண்ணெயில் பொடி நிற்கும். காரச்சேவு, நாடா பக்கோடா காரக் குடும்பம். அதிரசத்துக்குத் தனியாகச் சின்னச் சட்டி. வெல்லம் எண்ணெயைக் கறுக்க வைக்கும், காரம் சுட்ட எண்ணெயில் அதிரசம் போட்டால் முதல் கடியிலேயே தெரியும். மாவுருண்டைக்குச் சட்டியே வேண்டாம், அது இந்தக் கணக்கில் வராது.

அடுத்து, கையில் கடிகாரத்தோடு நின்று மாற்ற நேரத்தை அளக்க வேண்டும். நான் ஒரு முழு மாதம் அளந்தேன். குடும்பத்துக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அச்சு வில்லை மாற்ற 5 நிமிஷம். வெள்ளையிலிருந்து பருப்புக்கும், பருப்பிலிருந்து காரத்துக்கும், வெள்ளையிலிருந்து நேராகக் காரத்துக்கும் 10 நிமிஷம். பருப்பிலிருந்து வெள்ளைக்குத் திரும்ப 25. காரத்திலிருந்து வெள்ளைக்குத் திரும்ப 50. எண்ணெயை இறக்கி, ஆறவிட்டு, வடிகட்டி, சட்டியைத் தேய்த்து, புது எண்ணெய் ஊற்றிக் காய வைக்கிற நேரம் அது. இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதிச் சட்டிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிறேன். அந்த அட்டை இல்லாமல் யாரும் வரிசை போடக்கூடாது என்பது எங்கள் கூடத்துக் கட்டுப்பாடு.

போகிற திசைக்கும் திரும்புகிற திசைக்கும் நேரம் வேறு என்பதைக் கவனியுங்கள். வெள்ளை, பருப்பு, காரம் என்று இறங்கி வருவது மலிவு, ஏறுவது செலவு. பெயிண்ட் அடிக்கும் பட்டறையிலும் சாயத்தொட்டியிலும் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது இதனால்தான். ஆகவே ஒரு சுற்று என்றால் வெள்ளையில் தொடங்கிக் காரத்தில் முடியும். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பது மட்டும்தான் நாம் முடிவு செய்ய வேண்டியது.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

காலை ஆறு மணிக்குச் சட்டி காய்ந்து தயார். மூன்று ஆர்டர். நிமிஷங்கள் எல்லாம் சுடுகிற நேரம்.

தேவகோட்டை வீடு: தேன்குழல் 120, மகிழம்பூ முறுக்கு 60, காரச்சேவு 60. வண்டி பன்னிரண்டுக்கு வரும். ஆறவும் அடுக்கவும் ஒரு மணி நேரம் விட்டு, பதினொன்றுக்குள் சுட்டு முடிக்க வேண்டும்.

சென்னைப் பார்சல்: தேன்குழல் 60, சீப்பு சீடை 90, காரச்சேவு 30. ராத்திரி பஸ்ஸில் போடுவதற்கு, மாலை ஐந்தரைக்குள் சுட்டாக வேண்டும்.

பள்ளத்தூர் வீடு: கைமுறுக்கு 90, மனகோலம் 60, காரச்சேவு 30. ஏழு மணிக்குக் கார் வரும், ஆறுக்குள் முடிய வேண்டும்.

சுடுகிற நேரம் மொத்தம் 600 நிமிஷம். மாறப்போவது மாற்ற நேரம் மட்டும்.

முதல் வழி, வீடு வீடாக. தேவகோட்டை 10.20க்கு முடியும். எண்ணெய் மாற்றி, சென்னை 2.25க்கு. மறுபடி எண்ணெய் மாற்றி, பள்ளத்தூர் 6.35க்கு. பள்ளத்தூர் 35 நிமிஷம் தாமதம்.

இரண்டாம் வழி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுற்று. மொத்த வேலை 4.35க்கே முடிந்துவிடும். இரண்டு மணி நேரம் மிச்சம். ஆனால் தேவகோட்டைக்குக் காரச்சேவு கிடைப்பது 3.35க்கு. வண்டி மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். சென்னை 4.05, பள்ளத்தூர் 4.35. மூன்று ஆர்டரும் முடிகிற நேரத்தின் சராசரியை எடுத்துப் பாருங்கள். முதல் வழியில் 2.27, இரண்டாம் வழியில் 4.05. சட்டிக்கு இரண்டு மணி நேரம் மிச்சப்படுத்திய அதே வரிசை, வாடிக்கையாளர்களைச் சராசரியாக 98 நிமிஷம் பின்னால் தள்ளியிருக்கிறது. அந்த வைகாசியில் நான் செய்தது இதைத்தான்.

மூன்றாம் வழி, இரண்டு சுற்று. தேவகோட்டை தனியாக, 10.20க்கு முடியும். 50 நிமிஷம் எண்ணெய் மாற்றம். பிறகு சென்னையையும் பள்ளத்தூரையும் சேர்த்து ஒரு சுற்று: தேன்குழல், சீப்பு சீடை, கைமுறுக்கு, மனகோலம், கடைசியில் சென்னைக் காரச்சேவு, அதன்பின் பள்ளத்தூர்க் காரச்சேவு. சென்னை 5.10, பள்ளத்தூர் 5.40. மூன்றும் நேரத்துக்குள்.

மூன்றாவது வழியில் சட்டி இரண்டாவதைவிட 65 நிமிஷம் அதிகம் ஓடுகிறது. அது நஷ்டம் என்று நினைத்தால் இந்த வேலை பிடிபடாது. மொத்தமாக முடிகிற நேரம் நமக்கு வேண்டியது, அவரவர் நேரத்துக்குக் கொடுப்பது அவர்களுக்கு வேண்டியது. கெடு தாண்டாத வரைக்கும் சேர்க்கலாம், கெடு இடித்தால் அந்த இடத்தில் சுற்றை வெட்ட வேண்டும். நான் செய்கிற முறை இது: ஆர்டர்களைக் கெடு வரிசையில் எழுதுகிறேன். முதல் ஆர்டரில் ஒரு சுற்றைத் தொடங்கி, அடுத்த ஆர்டரை அதே சுற்றில் ஏற்றிப் பார்க்கிறேன். ஏற்றிய பின்னும் உள்ளே இருக்கிற எல்லோரும் நேரத்துக்குள் முடிந்தால், இன்னும் ஒன்றை ஏற்றுகிறேன். யாராவது ஒருவருக்குத் தாமதம் வந்தால் கடைசியாக ஏற்றியதை இறக்கி, அதிலிருந்து புதுச் சுற்று. இது எப்போதும் மிகச் சிறந்த வரிசையைத் தரும் என்று கணித வாத்தியார் யாரும் சான்று கொடுக்க மாட்டார். ஆனால் நான்கு ஐந்து ஆர்டர் உள்ள ஒரு நாளைக்குக் கரும்பலகையில் பத்து நிமிஷத்தில் போட முடியும். முடிவு வந்த பின் இரண்டு ஆர்டரை இடம் மாற்றி ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

கெடு வரிசை என்பதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது. மாற்ற நேரமே இல்லாத ஒற்றை மெஷினில், கெடு முந்தியதை முதலில் செய்தால் மிக மோசமான தாமதம் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறையும் என்று 1955இல் ஜாக்சன் என்ற ஆய்வாளர் காட்டினார். 1956இல் ஸ்மித் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் காட்டினார்: சின்ன வேலையை முதலில் முடித்தால் சராசரி முடிவு நேரம் குறையும். நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். கெடு வேறு என்றால் ஜாக்சன். ஒரே கெடு என்றால், சின்ன ஆர்டர் முன்னால்.

குடும்பத்துக்குள் யார் முதலில்

இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒரே குடும்பம்தானே, எதை முதலில் போட்டால் என்ன என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் கூடத்தில் ஒருநாளின் பெரிய மிச்சம் இங்கேதான் கிடைத்தது.

சட்டிக்கு முன்னால் கை வேலை இருக்கிறது. தேன்குழலுக்கு மாவு பிசைந்து குழலில் போட்டால் போதும், 20 நிமிஷத்தில் சட்டிக்குத் தயார். ஆனால் அளவு அதிகம் என்பதால் சுட மூன்று மணி நேரம். கைமுறுக்கு நேர்மாறு. இரண்டு அக்காமார் உட்கார்ந்து துணியில் ஒவ்வொன்றாகச் சுற்ற இரண்டரை மணி நேரம் ஆகும், சுட ஒன்றரை மணி நேரம். சீப்பு சீடையைச் சீப்பில் தேய்த்துச் சுருட்ட 70 நிமிஷம், சுட 90.

கைமுறுக்கு கஷ்டமான வேலை, அதை முதலில் முடித்துவிடலாம் என்றுதான் எங்கள் வழக்கம். அப்படிச் செய்தால் முதல் இரண்டரை மணி நேரம் சட்டி காய்ந்துகொண்டு சும்மா நிற்கும். அச்சு மாற்றும் நிமிஷங்களைச் சேர்க்காமல், கைமுறுக்கு, சீப்பு சீடை, தேன்குழல் என்ற வரிசையில் மொத்தம் 510 நிமிஷம். தேன்குழல், சீப்பு சீடை, கைமுறுக்கு என்று திருப்பினால் 380. அதே ஆட்கள், அதே சட்டி. 130 நிமிஷம் வரிசையை மாற்றியதில் மட்டும் வந்தது. தேன்குழல் சுட்டுக்கொண்டிருக்கும்போதே சீடையும், சீடை சுட்டுக்கொண்டிருக்கும்போதே முறுக்கும் தயாராகிவிடுகின்றன.

இரண்டு நிலை உள்ள வேலைக்கு இந்த விதியை 1954இல் ஜான்சன் என்ற கணித ஆய்வாளர் நிறுவினார். எல்லா வேலைக்கும் இரண்டு நிலையின் நேரத்தையும் எழுதுங்கள். மொத்தத்தில் மிகச் சின்ன எண்ணைத் தேடுங்கள். அது முதல் நிலையில் இருந்தால் அந்த வேலை வரிசையின் முன்னால் போகும், இரண்டாம் நிலையில் இருந்தால் வரிசையின் கடைசிக்குப் போகும். அதை அடித்துவிட்டு மீதியில் மறுபடி தேடுங்கள். எங்கள் எண்களில் 20தான் மிகச் சின்னது, முதல் நிலை, தேன்குழல் முன்னால். அடுத்து 70, அதுவும் முதல் நிலை, சீடை இரண்டாவது. கைமுறுக்குக் கடைசி. பேனாவும் ஒரு துண்டுச் சீட்டும் போதும்.

ஒரு எச்சரிக்கை. பிசைந்த மாவும் சுற்றிய முறுக்கும் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. விதி சொல்கிற வரிசையில் எதாவது ஒரு பலகாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் சட்டிக்காகக் காத்திருக்கும் என்றால், அதன் கை வேலையைத் தாமதமாகத் தொடங்கச் சொல்லுங்கள். சட்டி வரிசை மாறாது, ஆட்கள் தொடங்கும் நேரம்தான் மாறும்.

இன்னொன்று: சுடுவது மொத்தமாக இருக்கலாம், நகர்த்துவது மொத்தமாக இருக்கக்கூடாது. முன்பு தேன்குழல் முழுதும் சுட்டு முடித்த பிறகே அடுக்கும் மேசைக்குப் போகும். இப்போது இரண்டு ஈடு எடுத்ததும் தட்டு போய்விடுகிறது. ஆறிய தட்டை உடனே எண்ணி அடுக்குகிறார்கள். ஓசூரில் இதைச் செய்யச் சொன்னால் ‘வண்டி நிறையட்டும்’ என்பார்கள். வண்டி நிறைகிற வரை பின்னால் இருப்பவர் சும்மா நிற்கிறார் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

அதிரசம் மட்டும் வேறு கணக்கு. பாகு காய்ச்சி மாவில் விட்டுக் கிளறிய பின், ஒரு நாளாவது மாவு இருக்க வேண்டும். இரண்டு நாள் இருந்தால் இன்னும் நல்லது. அதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். வெள்ளிக்கிழமை காலை சுட வேண்டுமென்றால் புதன்கிழமை பாகு, அன்று காலையிலேயே அரிசி ஊற வேண்டும். என் பலகையில் அதிரசச் சீட்டு சுடுகிற நாளில் மட்டும் இருக்காது. ஊறவைக்க ஒன்று, பாகுக்கு ஒன்று, சுடுவதற்கு ஒன்று என மூன்று சீட்டு.

மாற்ற நேரத்தையே குறைத்தால்

இவ்வளவு நேரம் 50 நிமிஷத்தை இயற்கை விதி போல வைத்துக் கணக்குப் போட்டோம். அது விதி இல்லை. 1969இல் டொயோட்டா தொழிற்சாலையில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றுக்கு அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் அங்கிருந்தவர்களோடு சேர்ந்து ஆறு மாதத்தில் அதை ஒன்றரை மணி நேரமாக்கினார், அதன்பின் மூன்று மாதத்தில் மூன்று நிமிஷமாக்கினார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த வேலையில் எதையெல்லாம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய முடியும்?

எங்கள் 50 நிமிஷத்தை நான் அப்படிப் பிரித்தேன். எண்ணெய் ஆறுவது, வடிகட்டுவது, சட்டி தேய்ப்பது, புது எண்ணெய் காய்வது. இதில் எதற்காகவும் அடுத்த சுற்று காத்திருக்க வேண்டியது இல்லை, இன்னொரு சட்டி இருந்தால். அதே அளவில் இரண்டாவது இரும்புச் சட்டி ஒன்றும் இன்னொரு பர்னரும் வாங்கினேன். காரம் கடைசி ஈடுகளில் இருக்கும்போதே புது எண்ணெய் பக்கத்தில் காயத் தொடங்கும். ஜல்லிக்கரண்டியும் அச்சுகளும் இரண்டு செட். இப்போது காரத்திலிருந்து வெள்ளைக்கு 20 நிமிஷம். அதிலும் பாதி, மாஸ்டர் தண்ணீர் குடித்து முகம் கழுவுகிற நேரம். அதை நான் தொட மாட்டேன். சட்டி முன்னால் நிற்கிறவருக்கு அது வேண்டும்.

மேலே போட்ட அதே மூன்று ஆர்டரை 20 நிமிஷத்தில் மறுபடி போட்டுப் பாருங்கள். வீடு வீடாகச் செய்தால் தேவகோட்டை 10.20, சென்னை 1.55, பள்ளத்தூர் 5.35. சேர்க்காமலே மூன்றும் நேரத்துக்குள், சராசரி 1.57. மாற்ற நேரம் குறைந்ததும் சேர்க்க வேண்டிய கட்டாயமே போய்விட்டது. எங்கள் கூடத்தில் ஒரு வீட்டின் பலகாரம் முழுதும் ஒரே மூச்சில் முடிந்து, ஒரே மேசையில் அடுக்கி, எண்ணி, வாசலுக்குப் போகிற நாளைப் பார்க்க எனக்கு மனசு நிறைகிறது. எண்ணிக்கைத் தவறும் குறைந்தது. நான்கு வீட்டுத் தேன்குழல் ஒரே குவியலில் கிடந்தபோது யாருடையது நூற்றியொன்று, யாருடையது ஐம்பத்தொன்று என்று பிரிப்பதிலேயே பாதி சண்டை.

கடை விற்பனைக்கு இருப்பு வைக்கிறவர்களுக்கு இதே உண்மை வேறு வடிவில் வரும். ஒருமுறை எவ்வளவு செய்வது என்பதற்கு 1913இல் ஃபோர்ட் ஹாரிஸ் என்ற பொறியாளர் தந்த சூத்திரத்தில், மாற்றச் செலவு வர்க்கமூலத்துக்குள் வருகிறது. மாற்றச் செலவு கால்வாசியானால் ஒருமுறை செய்கிற அளவு பாதியானால் போதும். பலகாரத்துக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் நிறையச் செய்து வைத்தால் சிக்கு வாடை வரும். இரும்புப் பாகம் கிடங்கில் கிடக்கும், தேன்குழல் கிடக்காது.

எண்ணெய்க்கும் ஒரு கெடு உண்டு

சுற்று எவ்வளவு நீளலாம் என்பதை எங்கள் தொழிலில் எண்ணெயும் தீர்மானிக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி 2018 ஜூலை 1 முதல், பயன்படுத்திய எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது சேர்கிற பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. அதை அளக்கிற கையடக்கக் கருவி கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். நிறத்தையும் நுரையையும் பார்த்துச் சொல்கிற மாஸ்டரை நான் மதிக்கிறேன், ஆனாலும் கருவி வேண்டும். வரிசை போடும்போதே சுற்றின் கடைசி ஈட்டில் எண்ணெய் எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். ஒதுக்கிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், பயோடீசலுக்கு எடுத்துப் போகிற பதிவு பெற்றவர்களிடம் கொடுங்கள்.

ஆத்தங்குடியில் உறவினர் ஒருவர் டைல்ஸ் போடுகிறார். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் நிறத்தை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு எடுப்பது. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் பலம் பெறும். அவரும் அச்சு வாரியாகச் சேர்த்துச் செய்து, ஆர்டர் தாமதமாகிறதென்று வருத்தப்பட்டார். போய்ப் பார்த்தால் இடுக்கு ஊற்றுகிற மேசையில் இல்லை, தண்ணீர்த் தொட்டியில். நாள்கணக்கில் ஊற வேண்டியதால் தொட்டி நிறைந்தே கிடக்கிறது. அங்கே கணக்கு வேறு. தொட்டிக்குள் எதை ஒன்றாக இறக்கினால் எந்த வீடு ஒன்றாக வெளியே வரும் என்று பார்க்க வேண்டும். ஒரே அச்சு டைல்ஸ் ஒரே நாளில் ஊற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஒரு வீட்டுக் கூடத்துக்கு வேண்டிய பூக்கல்லும் கரைக்கல்லும் ஒன்றாக இறங்கினால் ஒன்றாக ஏறும்.

பலகை

கணினியில் அட்டவணை வைத்திருக்கிறேன், ஆனால் கூடத்தில் வேலை செய்வது கரும்பலகைதான். ஒவ்வொரு ஆர்டரின் ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு சீட்டு: வீட்டுப் பெயர், எண்ணிக்கை, சுடும் நிமிஷம், கெடு. வெள்ளைக் குடும்பத்துக்கு வெள்ளைச் சீட்டு, பருப்புக்கு மஞ்சள், காரத்துக்குச் சிவப்பு. வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று இறங்கி மறுபடி வெள்ளை வந்தால் அங்கே ஒரு எண்ணெய் மாற்றம் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். ஒரு நாளில் அது நான்கு முறை வந்தால், நான் வரிசையைத் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

அடுத்த இரண்டு நாள் பலகை பூட்டியது. யாரும் சீட்டை நகர்த்த முடியாது, நான் உட்பட. ஆனால் கல்யாண வீடு அப்படி நிற்காது. “ஆச்சி, சம்பந்தி வீட்டுல ஆள் கூடிருச்சு, இன்னும் அம்பது தேன்குழல் சேத்துக்கிறீகளா?” என்று போன் வரும். இல்லை என்று சொல்ல மனசு வராது. ஆகவே ஒரு விதி: சட்டி இன்னும் தாண்டாத குடும்பத்தில் மட்டும் புதிது ஏறலாம், அதுவும் பின்னால் இருக்கிற யார் கெடுவையும் இடிக்காமல். வெள்ளை தாண்டிவிட்டால் அடுத்த சுற்று வெள்ளை எத்தனை மணிக்கு என்று பலகையைப் பார்த்துச் சொல்கிறோம். நேரத்தைத் தெளிவாகச் சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். ஆகட்டும் பார்க்கலாம் என்று இழுத்தால்தான் சங்கடம்.

தினமும் சாயங்காலம் ஒவ்வொரு சீட்டிலும் எழுதிய நிமிஷத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நிமிஷத்தை மாஸ்டர் எழுதுகிறார். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்போம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடர்ந்து வித்தியாசம் வந்தால் அட்டையில் இருக்கிற எண்ணை மாற்றுவோம். போன ஐப்பசியில் சீப்பு சீடை மட்டும் ஒவ்வொரு முறையும் இருபது நிமிஷம் கூடிக்கொண்டே வந்தது. மழையில் மாவு சரியாக உலராமல் ஈரம் தங்கியிருந்தது. ஈரம் போக எண்ணெயில் கூடுதல் நேரம் எடுத்தது. இப்போது அட்டையில் சீப்பு சீடைக்கு இரண்டு எண் இருக்கிறது. ஒன்று வெயில் நாளுக்கு, ஒன்று மழை நாளுக்கு.